நூல் பிடித்துப் பார்த்த காதல்

நாலு முட்டாள்கள் ஒரே ஊரில் பிறப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. நாலு பேரும் சேர்ந்து ஒரே தொழில் செய்து, அந்தத் தொழில் நன்றாகவும் நடக்கிறது பாருங்கள், அதுதான் அதிசயம். எங்கள் ஊரில் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எதுவானாலும் பந்தல் போடுவதும் மைக்செட் கட்டுவதும் கொம்பையா கோஷ்டிதான். அவர்கள் போட்ட பந்தல் நேராக நிற்கும். அவர்கள் பேச ஆரம்பித்தால்தான் எல்லாம் சரியும்.

எனக்கு இந்தக் கதை எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற பேக்கரி என்னுடையது. நடந்ததில் பாதி என் கடைக்குள் நடந்தது, மீதி என் நாற்காலியில் நடந்தது. நாற்காலியைப் பற்றி இப்போதே சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். வரிசையாகச் சொல்கிறேன்.

கொம்பையாவுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பெண் பார்க்கப் போய்ப் போய்ப் பட்டுவேட்டி நைந்ததுதான் மிச்சம். கடைசியாகப் பார்த்த பெண், "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு" என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, மறுநாளே ஜாதகம் சேரவில்லை என்று ஆள் அனுப்பிவிட்டாள். அன்றோடு அவனுக்கு மனுஷ வாயின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது.

அதற்கப்புறம்தான் செண்பகவல்லி வீட்டிலிருந்து பேச்சு வந்தது. அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. டாக்டர்கள் எழுதுவதையே படித்துவிடுகிற பெண், அவ்வளவு பொறுமைசாலி. கொம்பையாவுக்கு அவள் மேல் ஏற்கெனவே உயிர். தலைவலியே இல்லாமல் அந்தக் கடைக்குப் போய்த் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தான். வாங்கியதை வீணாக்கக் கூடாதென்று விழுங்கவும் செய்தான். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

செண்பகவல்லியின் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இரண்டு பேரும் தனியாகச் சந்தித்துப் பேசட்டும். இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் அன்றைக்கே சாயங்காலம் ஆறு மணிக்குள் மகள் போனில் சொல்லிவிட வேண்டும். ஆறு மணிக்குச் சிவகாசியிலிருந்து வேறொரு மாப்பிள்ளை வீட்டார் பூவும் பழமுமாக வந்து இறங்குகிறார்கள். இங்கே முடிந்தது என்றால் அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார். முடியவில்லை என்றால் தட்டை மாற்றிக்கொள்வார்.

கொம்பையா பயந்து போய்க் கூட்டாளிகளிடம் ஓடினான். மூன்று பேர். தளவாய்தான் கோஷ்டிக்கு மூளை, அப்படித்தான் மற்ற மூவரும் நம்புகிறார்கள். வெள்ளப்பாண்டிக்குக் கரண்ட் வேலை. பந்தல்கால் நேராக நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பார்க்கிறவன் சுடலைமணி.

தளவாய் தன் போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினான். கோட்டுப் போட்ட ஒரு மனுஷர் சொல்கிறார்: வாய் பொய் சொல்லும், உடம்பு பொய் சொல்லாது. ஒரு பெண்ணுக்கு உங்களைப் பிடித்திருந்தால் நீங்கள் செய்வதைக் கண்ணாடி மாதிரி அவளும் செய்வாள். அவள் கண்ணின் பாப்பா விரியும். உங்களை நோக்கிச் சாய்வாள். எல்லாவற்றுக்கும் மேலே, அவள் கால் உங்கள் பக்கம் திரும்பியிருக்கும்.

"அப்ப அந்தப் பிள்ளைகிட்ட நான் ஒண்ணும் கேக்க வேண்டாமால?" என்றான் கொம்பையா.

"கேளு. பதிலக் காதுல வாங்காத," என்றான் தளவாய்.

மறுநாள் சாயங்காலம் செண்பகவல்லி என் கடைக்கு வந்தாள். கொம்பையாவுக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு டீ சொன்னாள். பக்கத்து மேஜையில் மூன்று பேரும் ஒரே ஒரு தேங்காய் பன்னை நடுவில் வைத்துக்கொண்டு, அதைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனியாகச் சந்திப்பதென்றால் தனி மேஜை என்று அவர்கள் அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள்.

முதலில் கண்ணாடிச் சோதனை. தளவாய் இருமினான். உடனே கொம்பையா தன் வலது காதைச் சொறிந்தான். கொசுக்காலம் வேறு. அவளும் தன் வலது காதைச் சொறிந்தாள்.

"செஞ்சிட்டா! அதே காது!" என்று துள்ளினான் சுடலைமணி.

"பொறுல," என்றான் வெள்ளப்பாண்டி. "கண்ணாடின்னா அதே காதா வரும்?"

மூன்று பேரும் யோசித்தார்கள். வெள்ளப்பாண்டி எழுந்து போய், கை கழுவுகிற இடத்துக் கண்ணாடி முன்னால் நின்று காதைச் சொறிந்து பார்த்துவிட்டு வந்தான்.

"நான் வலது காதச் சொறிஞ்சா, கண்ணாடில நிக்கவன் இடது காதச் சொறியுதான்."

"இவ எந்தக் காது?"

"வலது."

"அப்ப இவ கண்ணாடி இல்ல," என்றான் தளவாய். சாவு வீட்டில் துஷ்டி கேட்கிறவன் முகத்தை வைத்துக்கொண்டு கொம்பையாவைப் பார்த்துத் தலையை இடவலமாக ஆட்டினான். கொம்பையாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்ன ஆச்சு, டீல சீனி இல்லையா?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

அடுத்தது கண் பாப்பா. "இவ்வளவு வெளிச்சத்துல எவளுக்கும் விரியாது, லைட்ட அணைச்சாத்தான் விரியும்," என்றான் வெள்ளப்பாண்டி. வாழ்நாளில் அவன் சொன்ன ஒரே சரியான பேச்சு அது. சொல்லிவிட்டு நேரே போய் என் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டான். என் கடையின் உள்பக்கம் பகலிலும் இருட்டுதான். ஐஸ்கிரீம் பெட்டியின் உறுமல் நின்றதும் எனக்குப் பகீர் என்றது.

இருட்டுக்குள் அவன் குரல் கேட்டது. "விரிஞ்சிருக்கும்."

"தெரியுதா?"

"இருட்டுல எப்படில தெரியும்?"

"டார்ச் அடிச்சுப் பாரு."

டார்ச் வெளிச்சம் செண்பகவல்லியின் முகத்தில் விழுந்தது. பாவம், பட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாப்பாவே இல்ல!"

"அணை, அணை. இப்ப?"

"இப்ப விரிஞ்சிருக்கும்."

தளவாய் இருட்டிலேயே தீர்ப்புச் சொன்னான். "இருட்டுல பிரியம் இருக்கு. வெளிச்சத்துல இல்ல."

"அப்ப ராத்திரி முகூர்த்தமா வச்சிருவமா?"

"வைக்கலாம். பகல்ல எப்படில குடும்பம் நடத்துவான்?"

நான் போய் ஸ்விட்சைத் தூக்கிவிட்டு நாலு வார்த்தை சத்தம் போட்டேன். அவர்கள் ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். திட்டு வாங்குவதில் அவர்களை அடிக்க ஆளில்லை.

செண்பகவல்லி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் மேஜை மேல் வைத்துக்கொண்டு நேராகவே பேசினாள்.

"இங்க பாருங்க. போன கொடைக்குப் பேய் மழை பெஞ்சுதுல்லா? எல்லாரும் ஓடினாக. நீங்க மட்டும் பந்தல்காலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னீக. உள்ள பந்தில இருந்த வயசானவுக எல்லாம் அவசரமில்லாம சாப்பிட்டு எந்திரிச்சாக. அன்னைக்கே எனக்கு உங்களைப் பிடிச்சுப் போச்சு. அப்பாகிட்ட உங்க பேரச் சொன்னதே நான்தான்."

"அதுவா?" என்றான் கொம்பையா. "நான் சொல்லுத வரைக்கும் விடாதன்னு தளவாய் சொன்னான். சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டான். காலைலதான் ஞாபகம் வந்து விடச் சொன்னான்."

"விடியுத வரைக்குமா பிடிச்சுக்கிட்டு நின்னீக?"

"விடுன்னு யாரும் சொல்லலியே."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடடா, அந்தச் சிரிப்பைப் பார்த்த எவனும் அந்த இடத்திலேயே பாக்கு வெற்றிலை மாற்றியிருப்பான். இந்த மடையன் பக்கத்து மேஜையைத் திரும்பிப் பார்த்தான்.

"பிடிச்சிருக்குன்னு சொல்லுதா."

"எதால சொன்னா?" என்று கேட்டான் தளவாய்.

"வாயாலதான்."

"செல்லாது. சுடலை, காலப் பாரு."

சுடலைமணி இடுப்பிலிருந்து நூல்கண்டை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் நுழைந்தான். பந்தல் வேலைக்கு எப்படி நூல் பிடிப்பானோ அப்படியே அவள் கால் கட்டைவிரலிலிருந்து நூலை இழுத்தான்.

"காலுக்கடில யாரோ இருக்காக," என்றாள் அவள்.

"நம்ம சுடலைமணிதான்."

"என்ன பண்ணுதாரு?"

"நூல் பிடிக்கான்."

"சரி," என்றாள். நான் சொன்னேன் இல்லையா, பொறுமைசாலி.

இடது காலிலிருந்து பிடித்த நூல் என் ஐஸ்கிரீம் பெட்டியில் போய் முட்டியது. வலது காலிலிருந்து பிடித்த நூல், மூலையில் பன் தின்றுகொண்டிருந்த ரிட்டையர்டு கண்டக்டர் ஒருவரின் வயிற்றில் முட்டியது.

"ரெண்டு இடத்துல மனசு போகுது," என்று அடியிலிருந்து சொன்னான் சுடலைமணி.

கண்டக்டர் பன்னைக் கீழே வைத்தார். "ஏம்ப்பா, எனக்குப் பேத்தி எடுத்தாச்சு."

"உங்க மேல தப்பில்ல பெரியவரே," என்று ஆறுதல் சொன்னான் தளவாய். "அந்தக் காலு அப்படி."

நூல் கூசியதில் செண்பகவல்லி காலை இழுத்து வாசல் பக்கம் நீட்டிக்கொண்டாள். சுடலைமணி மறுபடி நூல் பிடித்தான். இந்தத் தடவை நூல் வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எதிரே பஸ் ஸ்டாண்டு சுவரில் போய் நின்றது.

பந்தல்காரனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். எது சரியாக அமையவில்லையோ, நாற்காலியைத் தூக்கி நகர்த்திப் போடு. மூன்று பேரும் கொம்பையாவை நாற்காலியோடு தூக்கினார்கள். என் நாற்காலி, போன வாரம்தான் வாங்கினது. ரோட்டைக் கடந்து போய் நூல் முடிந்த இடத்தில், சுவரோரமாக இறக்கினார்கள்.

"இப்ப காலு உன்னைத்தான் பாக்குது. பேசு!"

நடுவில் பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருந்தன. பேசினால் கேட்கவில்லை. கோஷ்டியின் லோடு ஆட்டோ பக்கத்திலேயே நின்றது, அதில் மைக் இருந்தது. அப்புறம் என்ன, பஸ் ஸ்டாண்டு முழுக்க அதிர்ந்தது.

"உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?"

ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவர், "தெரியாதுப்பா," என்றார்.

மணி ஐந்தே முக்கால். செண்பகவல்லி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நேரே ரோட்டைக் கடந்து கொம்பையாவை நோக்கி நடந்தாள்.

"வாரா! ரெண்டு காலும் நேரா வருது!" என்று மைக்கிலேயே அழுதான் தளவாய்.

அவள் கிட்டே வந்து நின்றாள். "நான் வீட்டுக்குப் போறேன். சிவகாசிக்காரங்க வந்துருவாக. உங்களுக்கு என்னமாவது தோணுச்சுன்னா பின்னால வாங்க," என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். எனக்கே மனசு கேட்கவில்லை.

கொம்பையா பின்னால் ஓடப் பார்த்தான். தளவாய் சட்டையைப் பிடித்து இழுத்தான். "கூறுகெட்டவனே, பின்னால போனா அவ காலு எப்படி உன்னைப் பாக்கும்? முன்னால போ!"

அது நியாயமாகத்தான் பட்டது. கொம்பையா சுற்றிக்கொண்டு ஓடி அவளுக்கு முன்னால் போய், அவள் பக்கம் திரும்பி, பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்தான். சுடலைமணி குனிந்தபடியே அவள் காலைப் பார்த்துக்கொண்டு, "நேரா இருக்கு, நேரா இருக்கு," என்று சொல்லிக்கொண்டு வந்தான். கொம்பையா களைத்தால் உட்காரட்டும் என்று வெள்ளப்பாண்டி என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டான். நாற்காலிக்காக நானும் கடையைப் போட்டுவிட்டு ஓடினேன். பார்த்தவர்கள் ஏதோ ஊர்வலம் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

தெரு முனையில் யாரோ எதற்கோ வெட்டிப்போட்ட பள்ளம். மழைத் தண்ணீர் நிரம்பிச் சேறாகக் கிடந்தது.

"பாத்து, பின்னால பள்ளம்!" என்று கத்தினாள் செண்பகவல்லி.

"வாய்ப் பேச்ச நம்பாத!" என்று கத்தினான் தளவாய்.

கொம்பையா நம்பவில்லை. பொத்தென்று விழுந்தான்.

அவள் பதறி ஓடிப் போய்ப் பள்ளத்தின் விளிம்பில் குனிந்து கையை நீட்டினாள். "ஐயோ, அடிபட்டுச்சா? கையப் பிடிச்சு ஏறி வாங்க."

"சாயுதா! நம்மாள் பக்கம் சாயுதா!" என்று குதித்தான் சுடலைமணி.

கொம்பையா கையை நீட்டப் போனான். "ஏறாத!" என்று அலறினான் தளவாய். "ஏறுனா நிமிந்துருவா! இன்னும் கொஞ்சம் கீழ போ, இன்னும் சாயட்டும்!"

கொம்பையா இன்னும் கொஞ்சம் கீழே போனான். இடுப்பு வரைக்கும் சேறு.

செண்பகவல்லி நிமிர்ந்துவிட்டாள். முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் நின்றது. "போதும்," என்றாள். "என் சம்மதத்த நான் எப்பவோ சொல்லியாச்சு. நீங்க இன்னும் ஒரு வார்த்தை சொல்லல. மணி ஆறாகப் போகுது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா, இல்லையா?"

அந்தக் கேள்வி ஒருத்தனுக்கும் தோன்றவே இல்லை.

கொம்பையா வாயைத் திறந்தான். அப்பாடா, சொல்லப் போகிறான் என்று என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"நான் வாயால என்னத்தையாவது சொல்லிட்டு, அது பொய்யாப் போச்சுன்னா?" என்றான் பரிதாபமாக. "உங்ககிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். என் காலு எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்துச் சொல்லுதேன்." குனிந்து பார்த்தான். சேற்றில் ஒன்றும் தெரியவில்லை. "காலக் காணும்."

கூட்டாளிகள் சும்மா இருப்பார்களா? நாற்காலியைக் கீழே போட்டுவிட்டு ஒருவர் பின் ஒருவராகப் பள்ளத்தில் குதித்தார்கள். குனிந்து சேற்றுக்குள் துழாவினார்கள்.

"கெடச்சிட்டு! அந்தப் பிள்ளை பக்கம்தான் இருக்கு!"

"அது என் காலுல."

"அப்ப இது?"

"தெரியல. கிள்ளிப் பாரு."

"ஆ!"

"யாருல கத்துனது?"

"நான்தான். ஆனா நீ கிள்ளுனது என் காலு இல்ல. எனக்கு வேற யாரோ கிள்ளுனாக."

"எல்லாரும் காலத் தூக்குங்க. மிச்சம் நிக்குறது கொம்பையாவோடது."

எல்லோரும் தூக்கினார்கள். கொம்பையாவும் தூக்கினான். நாலு பேரும் மொத்தமாகச் சேற்றில் உட்கார்ந்தார்கள்.

செண்பகவல்லியின் போன் அடித்தது. அவள் அப்பாதான். அவள் என் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பள்ளத்தின் ஓரமாக உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்தாள். உள்ளே துழாவிக்கொண்டிருந்த நாலு தலையையும் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை.

"சிவகாசிக்காரங்களுக்குக் காப்பி குடுத்து அனுப்பிருங்கப்பா," என்றாள் போனில். "எனக்குச் சம்மதம். அவுகளா? அவுகளுக்கும் சம்மதந்தான்ப்பா. காலு இன்னும் கெடைக்கல, கெடச்சதும் அவுகளே சொல்லுவாக."