மன்னனுக்குப் பணியாத எண்

பார்த்திப ஆண்டு விஜயதசமி. காலையில் கோட்டைத் திடலில் 2,521 வீரர்கள் நின்றார்கள். கடைசி ஆள் பெயர் செங்கோடன்.

அந்தக் காலத்தில் நெடுவாயில் நாட்டை ஆண்டவன் விசையரங்கன். நவராத்திரியின் ஒன்பது இரவுகளுக்காக ஒன்பது அணிவகுப்பு அங்கே வழக்கம். முதலில் இரண்டிரண்டு பேராக, பிறகு மும்மூன்றாக, இப்படியே பத்துப் பத்தாக நிற்கும் வரை. அதுவரை படையில் 2,520 பேர்தான் இருந்தார்கள். ஒன்பது அணியிலும் ஒருவர் மிஞ்சியதில்லை. அமைச்சர் அம்பலவாணர் சொல்லி, முந்தின வாரம்தான் செங்கோடன் சேர்ந்திருந்தான்.

இரண்டிரண்டாக நின்றார்கள். செங்கோடன் தனியே மிஞ்சினான். மும்மூன்றாக நின்றார்கள். அவனே மிஞ்சினான். பத்துப் பத்தாக நின்றபோதும் அவனே.

அமைச்சரைக் கண்டாலே ஆகாத தளபதி வீரசேகரன் முன்னால் வந்தான். "அரசே, ஒன்பது முறையும் அம்மன் இவனை ஒதுக்கிவிட்டாள். அமைச்சர் பிடித்து வந்த பீடை இது!"

"தலையை வாங்கு," என்றான் மன்னன்.

"சாமி, நிற்கச் சொன்ன இடத்தில்தானே நின்றேன்?" என்று செங்கோடன் நடுங்கினான்.

அமைச்சர் கைகூப்பினார். "வாங்கலாம் அரசே. அதற்கு முன் இவன் முதல் ஆளாக ஒரு தடவை நிற்கட்டும்."

நின்றான். ஒன்பது அணியும் திரும்ப வகுத்தார்கள். ஒன்பதிலும் கடைசியில் மிஞ்சியவன் தளபதியின் மைத்துனன்.

"தளபதியாரே, உங்கள் வீட்டிலும் பீடையா?" என்றார் அமைச்சர். திடல் சிரித்தது.

மன்னனுக்குக் கோபம். "அப்படியானால் குற்றம் யாருடையது?"

"யாருடையதும் இல்லை. எண் அப்படி. ஒருவரும் மிஞ்சாதபடி இவர்களைச் சம வரிசைகளாக நிறுத்த முடியாது."

"என் கட்டளைக்குமா பணியாது?"

"பணியாது. தளபதியார் நிறுத்திக் காட்டினால் இவனுக்குப் பதில் என் தலையை எடுங்கள்."

தளபதி பாய்ந்தான். பதினோரு பேராக, பன்னிரண்டு பேராக... புழுதி எழுந்தது, தொண்டை கட்டியது, பொழுது சாய்ந்தது. ஒவ்வொரு முறையும் யாராவது மிஞ்சினார்கள். வரிசைக்கு ஐம்பது பேர் வந்ததும் அமைச்சர் கையை உயர்த்தினார். "போதும்."

"பயந்துவிட்டீரா?" என்றான் தளபதி.

"இல்லை. இனி வரிசைக்கு ஐம்பதுக்கு மேல் ஆள் நிறுத்தினால், வரிசைகள் ஐம்பதை எட்டாது. பத்து வரிசையானால் என்ன, பத்துப் பேரானால் என்ன? குறுக்கே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதையெல்லாம் பார்த்தாயிற்று. எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கலாம். அல்லது ஆளுக்கொரு வரிசை. வேறு வழி கிடையாது."

மன்னன் எழுந்து மேடையை விட்டு இறங்கி, அந்தக் கூட்டத்தைச் சுற்றி நடந்து வந்தான்.

"என் பாட்டன் பிறப்பதற்கு முன்பும் இது இப்படித்தான் இருந்ததா?"

"மனிதர் எண்ணத் தொடங்கும் முன்பே இப்படித்தான், அரசே."

மன்னன் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "எனக்குப் பணியாத ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டேன். செங்கோடன் இருக்கும் வரை இந்த எண் குறையக் கூடாது. செங்கோடன் கொடியேந்தி அணிக்கு முன்னால் தனியே நிற்பான். தளபதி, அடுத்த ஆண்டு அணியின் கடைசி இடத்தில் நீ நில்."

அமைச்சருக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான்.

நந்தன ஆண்டு ஆவணியில் செங்கோடன் காய்ச்சலில் இறந்தான். அந்த விஜயதசமியில், அவன் இடம் அவனுக்கே என்று, மன்னன் அங்கே வேறு யாரையும் வைக்கவில்லை. 2,520 பேர் பத்துப் பத்தாக நின்றார்கள். ஒருவரும் மிஞ்சவில்லை.