பிச்சாண்டி கூலர் மாற்றிய நாள்

ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு தியான இல்லம். அதை நடத்தும் மெய்யம்மைக்கு நாற்பது வயதுக்குச் சற்று மேல். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த பிச்சாண்டியோ, மின்வாரியத்தில் மாலை போட்டு ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்டவர். மூத்த சீடர் இளைய குருவை அம்மா என்பார். குரு சீடரை ஐயா என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

கஷ்டமெல்லாம் பிச்சாண்டியின் மனைவி தனக்கோடிக்குத்தான். மாலை வாடுவதற்குள் மனுஷன் பையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். வந்து சேர்ந்த பிறகுதான் போனில் விஷயத்தைச் சொன்னார். தனக்கோடி வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆரணியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். பிச்சாண்டி ஒவ்வொரு ஞாயிறும் ஆரணிக்குப் போவார், போன வேகத்தில் திரும்பி வருவார்.

அன்று காலை அவர் குருவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, இனிமே இந்தப் பக்கமே வர வேணாம்னு சொல்லிட்டா. என் குடும்பமே போயிடும்போல இருக்கு. அவ மனசு ஆறணும். நான் என்ன செய்யட்டும்?"

"கூலர் வந்துடுச்சா ஐயா?" என்றார் மெய்யம்மை.

பிச்சாண்டிக்குச் சுருக்கென்றது. இந்த அம்மாவுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையோ என்று நினைத்துக்கொண்டார்.

இல்லத்தில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. கடையில் முழுசாகக் கோர்த்துக் கொடுத்த பெட்டி. சொற்பொழிவு வீடியோக்களை அதில்தான் வெட்டி ஒட்டுவார்கள். சித்திரை பிறந்ததிலிருந்து அது பாதி வேலையில் சூடு தாங்காமல் தானே அணைந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் மேல் உட்கார்ந்து சூட்டை இறக்கும் விசிறிக்குத்தான் கூலர் என்று பெயர். பெட்டியோடு வந்த கூலர் உள்ளங்கை அளவுதான். அதைக் கழற்றிவிட்டுப் போடுவதற்காக வேலூரிலிருந்து பெரிதாக ஒன்றை வரவழைத்திருந்தார் பிச்சாண்டி.

"வந்துடுச்சும்மா. பெட்டியை நேத்தே ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கி வெச்சுட்டேன். நல்லா ஆறின பிறகுதான் கை வைக்கணும்."

கம்பத்தில் ஏறிப் பிழைத்த மனிதரின் சட்டம் அது. அதை மீறாததால்தான் இரண்டு கையோடும் ஓய்வு பெற்றார்.

பக்கத்து மூடியைத் திறந்தார். புது கூலரைப் போட்டால் மூடியை மறுபடி சாத்த முடியுமா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தார். முடியும். பழைய கூலரின் வயரை உருவினார், அதை அழுத்திப் பிடித்திருந்த லீவரை விடுவித்தார், கூலரைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். அடியில் இருந்த போர்டு வளைந்தது.

"கையை எடுங்க," என்றார் மெய்யம்மை. இந்த இல்லத்துக்கு முன்னால் அவர் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். "சூட்டைக் கடத்தறதுக்காக நடுவுல பேஸ்ட் தடவியிருக்கும். காய்ஞ்சு கோந்து மாதிரி பிடிச்சிருக்கு. இழுத்தா பிராசசரும் சேர்ந்து பிடுங்கிட்டு வந்துடும். அதுக்கு அடியில முடி மாதிரி நூத்துக்கணக்குல கால் இருக்கு."

"வளைஞ்சா?"

"குப்பைதான்."

பிச்சாண்டிக்கு வேர்த்துவிட்டது. "இன்னும் ஒரு நாள் ஆற விடட்டுமாம்மா?"

"நேத்துலேருந்து ஆறித்தானே கிடக்கு?"

"ஆமா."

"லீவரைப் பூட்டி, வயரைச் செருகி, ஆன் பண்ணுங்க."

"சூடாகுதுன்னுதானேம்மா இதைக் கழட்டவே வந்தோம்!"

"ஆன் பண்ணுங்க ஐயா."

மெய்யம்மை பெரிய வீடியோ ஒன்றை ஓடவிட்டார். விசிறி முனகியது, அப்புறம் இரைந்தது. பிச்சாண்டியின் கை தானாக சுவிட்ச் பக்கம் போனது.

"போதும்மா, ஆஃப் பண்ணிடறேன்."

"இருங்க."

"என்னமா சத்தம் போடுது பாருங்க!"

"போடட்டும்."

சும்மா உட்கார்வது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. எழுந்து வெளியே போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. குரு அசையாமல் இருந்ததால் அவரும் இருந்தார்.

"இப்போ ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்குங்க. லீவரை எடுத்துட்டு, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புங்க. இழுக்கக் கூடாது."

கூலர் வெதுவெதுப்பாக இருந்தது. திருப்பினார். அசையவில்லை. மறுபடி மெதுவாகத் திருப்பினார். சூட்டில் பேஸ்ட் இளகியது. இன்னும் கொஞ்சம் திருப்பியதும் கூலர் வழுக்கிக்கொண்டு தனியாகக் கையோடு வந்துவிட்டது. பிராசசர் தன் இடத்தில் பத்திரமாக இருந்தது.

பிச்சாண்டி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சீடராக வந்த பிறகு அவர் இப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

மிச்ச வேலை சுலபம். பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகப் பட்டாணி அளவு வைத்தார். போர்டின் பின்தகடு நழுவாமல் குரு பிடித்துக்கொள்ள, சீடர் புது கூலரை வைத்துத் திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கினார். பெட்டியை ஓடவிட்டார்கள். வீடியோ கடைசிவரை ஓடியது, அணையவில்லை.

"தனக்கோடி அம்மா உங்களைப் பாத்ததும் என்ன செய்வாங்க?" என்று கேட்டார் மெய்யம்மை.

"கத்துவா."

"நீங்க?"

"கோபப்படாதே, மூச்சைக் கவனின்னு சொல்வேன். அதுக்கு இன்னும் கத்துவா. சரி, ஆறட்டும்னு கிளம்பி வந்துடுவே..."

பிச்சாண்டியின் பார்வை கழற்றி வைத்த பழைய கூலர் மேல் போய் நின்றது. மெய்யம்மை விரலில் ஒட்டியிருந்த பேஸ்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிச்சாண்டி எழுந்தார். "நான் ஆரணி வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே?"

"பரவால்லம்மா."

மறுநாள் மாலைதான் திரும்பினார். சட்டை கசங்கியிருந்தது, முகம் தெளிந்திருந்தது.

"திட்டினாங்களா?"

"கேட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சா. கல்யாணத்துல எங்க அண்ணன் பேசின பேச்சுலேருந்து ஒண்ணையும் விடல. தெருவே வேடிக்கை பாத்துச்சு."

"நீங்க?"

"உட்கார்ந்திருந்தேன். ரெண்டு தடவை எழுந்திரிக்கப் பாத்தேன், எழுந்திரிக்கல."

"அப்புறம்?"

"'என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா'ன்னு கேட்டா. கேட்டுட்டு அழுதா. நானும் அழுதுட்டேன்மா." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் சோறு போட்டா. அவளே சாவியை எடுத்துக்கிட்டு முன்னால நடந்தா. நேத்தே ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்துட்டோம். என் பையை எடுத்துட்டுப் போகத்தான் இப்ப வந்தேன்."

பையை எடுத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் தயங்கி நின்றார்.

"இதோட நான் உங்க சீடன் இல்லைன்னு ஆயிடுமா? இல்ல, திரும்ப வரலாமாம்மா?"

"தாராளமா வாங்க ஐயா," என்றார் மெய்யம்மை. "அவங்களைக் கேட்டுட்டு வாங்க."