பூட்டின் நாக்கு

ஆற்றின் இக்கரையில் அரண்மனையும் அக்கரையில் அம்மன் கோயிலும் இருந்த ஒரு நாட்டை, முன்பு ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் ஓர் ஆசை அவர் தலைக்குள் புகுந்துவிட்டால், அது வெளியேறும்வரை அரண்மனையில் யாருக்கும் நிம்மதி கிடையாது.

ஒருநாள் அவருக்குப் பூட்டின்மேல் ஆசை வந்தது. தம்மைத் தவிர உலகத்தில் வேறு யாராலும் திறக்க முடியாத பூட்டு ஒன்று கருவூலக் கதவுக்கு வேண்டும் என்றார். அரண்மனை விகடன் சடையன், தனக்குத் தெரிந்த கொற்றன் என்ற பூட்டுக் கொல்லனை அழைத்து வந்தான். கொற்றன் கதவிலேயே பதித்து ஒரு பூட்டைச் செய்து கொடுத்தான். அதற்கு ஒரே ஒரு சாவி. ராஜா அதை இடுப்பில் செருகிக்கொண்டு, புதிதாகப் பிள்ளை பெற்றவர் போலத் திரிந்தார்.

கருவூல அதிகாரி அனந்தகிரிக்கு இது பொறுக்கவில்லை. அதுவரை கருவூலச் சாவி அவர் இடுப்பில் அல்லவா இருந்தது!

“மகாராஜா, சாவி தங்களிடம் இருக்கிறது. அதன் அளவோ கொற்றன் தலைக்குள் இருக்கிறது. நினைத்தால் இன்னொன்று செய்துவிடுவான். அவனுக்குக் கை இருக்கும்வரை இந்தப் பூட்டு தங்களுடையது அல்ல” என்றார்.

ராஜாவின் முகம் கறுத்தது. கொற்றன் அன்றே சிறைக்குப் போனான். வருகிற வெள்ளிக்கிழமை அவன் கைகளை வெட்டுவது என்று உத்தரவாயிற்று.

சடையன் சபையில் எழுந்தான். “பிரபு, அந்த அளவு தெரிந்த ஆசாமி இன்னொருவனும் இருக்கிறானே. அவனையும் தண்டிக்க வேண்டாமா?”

“யாரடா அவன்?”

“அந்தப் பூட்டுதான். நயமாகக் கேட்டால் சொல்லிவிடும்.”

அனந்தகிரி கைகொட்டிச் சிரித்தார். “அப்படியானால் சடையனே கேட்கட்டும், மகாராஜா! பூட்டை உடைக்கக் கூடாது. சாவியைப் பார்க்கக் கூடாது. கொற்றனிடம் பேசக் கூடாது. பூட்டு தன் நாக்கால் சொல்ல வேண்டும்.”

“அப்படியே ஆகட்டும். சொன்னால் கொற்றனுக்கு விடுதலை. சொல்லாவிட்டால், சடையா, வெள்ளிக்கிழமை அவன் பக்கத்தில் நீயும் கையை நீட்டு” என்றார் ராஜா.

சடையனுக்குப் பூட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாது. வாய் முந்திக்கொண்டது, இனிக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். நேரே கொற்றனின் மனைவி நாச்சியாளிடம் போனான்.

“தங்கச்சி, வீட்டுல பழைய பூட்டு ஏதாவது கிடக்கா?”

“கிடக்குது. எதுக்கு அண்ணே?”

“அதோட கொஞ்சம் பேசணும்.”

அழுதுகொண்டிருந்தவளுக்கும் சிரிப்பு எட்டிப்பார்த்தது. கொற்றன் செய்த பூட்டு ஒன்றின் மூடியைக் கழற்றி அவன் முன்னே வைத்தாள்.

சடையன் உள்ளே பார்த்தான். மெல்லிய பித்தளைத் தகடுகள் ஐந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு சிறிய வாசல். ஒவ்வொரு வாசலும் ஒவ்வோர் உயரத்தில். சாவி திரும்பும்போது அதன் பற்கள் தகடுகளைத் தூக்குகின்றன. ஐந்து வாசல்களும் ஒரே வரிசையில் வந்து நின்றால்தான் பூட்டின் தாழ் நகரும். மயிரிழை குறைந்தாலும் வழி இல்லை, மயிரிழை கூடினாலும் வழி இல்லை.

சடையன் தன்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டான். “அம்மா தாயே! உள்ளங்கையளவு இரும்புக்குள்ள ஒரு கோயிலையே கட்டி வச்சிருக்கானே! இந்தத் தாழுக்கு என்ன பேரு தங்கச்சி?”

“நாங்க நாக்குன்னு சொல்லுவோம்.”

“நாக்கா!” என்று சடையன் வாயைப் பிளந்தான்.

சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களுக்குக் கொற்றன் என்ன செய்வான் என்பதையும் அவள் சொன்னாள். பல் வெட்டாத சாவி ஒன்றை விளக்குப் புகையில் கருக்கி, உள்ளே விட்டுத் திருப்பிப் பார்ப்பானாம். தகடு இடிக்கிற இடத்தில் கரி தேய்ந்திருக்கும். அங்கே அரத்தால் துளி ராவிவிட்டு, மறுபடி கருக்கி, மறுபடி கேட்க வேண்டும்.

சடையன் அப்படி ஒரு சாவியைக் கருக்கி உள்ளே விட்டான், முறுக்கினான். வெளியே எடுத்தால் கரி முழுவதும் அழிந்திருந்தது. மறுபடியும் அப்படியே.

“முறுக்காதீங்க அண்ணே. பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்குதான்னு தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி.”

அப்படியே தொட்டான். விரல் நுனியில் ஏதோ ஒன்று மெல்ல முட்டியது. இருட்டுக்குள்ளிருந்து ஒருவர் ‘இங்கே இருக்கிறேன்’ என்று சொன்னது போலிருந்தது. சடையனுக்கு உடம்பு சிலிர்த்தது.

வெள்ளிக்கிழமை காலை, சபை முழுவதும் கருவூல வாசலில் கூடியது. சடையன் கதவின் முன் உட்கார்ந்து கருக்கினான், கேட்டான், ராவினான். உச்சிப்பொழுது வந்தபோது ‘களக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. தாழ் உள்ளே போயிற்று.

“பிரபு, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது!”

சபை ஆரவாரித்தது. அனந்தகிரி விடவில்லை. “பார்த்தீர்களா மகாராஜா! கேட்டவனுக்கெல்லாம் ரகசியம் சொல்லும் பூட்டைச் செய்திருக்கிறான். கொற்றனுக்குக் கை மட்டும் போனால் போதுமா?”

ஆரவாரம் அடங்கிவிட்டது. சடையன் கதவை மறுபடி பூட்டி, பல் வெட்டாத புதுச் சாவி ஒன்றைக் கருக்கி அவரிடம் நீட்டினான். “கேட்டவனுக்கெல்லாம் சொல்கிறதா என்று அதிகாரி ஐயாவே கேட்டுப் பார்க்கட்டும்.”

அனந்தகிரி பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். கரி அவர் கட்டைவிரலில் ஒட்டியதுதான் மிச்சம். பூட்டு வாய் திறக்கவில்லை.

“அதட்டினால் சொல்லாது, பிரபு. காலையிலிருந்து இத்தனை காவலர் நடுவே கெஞ்சித்தான் வாங்கினேன். இவ்வளவு பொறுமை உள்ளவன் எதற்குத் திருடப் போகிறான்?”

“தள்ளு, நான் கேட்கிறேன்” என்று ராஜா தரையில் உட்கார்ந்தார். உள்ளே தகடுகள் அடுக்கியிருக்கும் விதத்தைச் சடையன் சொல்லச் சொல்ல, மெல்லத் திருப்பினார். கை அப்படியே நின்றது.

“சடையா... உயிருள்ளதைத் தொட்ட மாதிரி இருக்கிறதே! ஒரு தகட்டை அளவுக்கு மேல் தூக்கினால்?”

“கதவு திறக்காது பிரபு.”

“ஒன்றை அமுக்கி வைத்தால்?”

“அப்போதும் திறக்காது.”

ராஜா அனந்தகிரியைப் பார்த்தார். பிறகு பூட்டை வெகுநேரம் பார்த்தார். “இதை ஒரு மனிதன் கையால் செய்தானா? அந்தக் கையையா நான்...”

உடனே எழுந்து சிறைக்கு நடந்தார். காவலன் சாவிக்கொத்துடன் ஓடிவந்தான்.

“வேண்டாம், போ! இதையும் நானே கேட்டுத் திறக்கிறேன்” என்று சிறைக் கதவின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். புகைக்காக விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அனந்தகிரி.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. உள்ளேயிருந்து கொற்றன் மெதுவாகச் சொன்னான்: “மகாராஜா, காவல்காரர்கிட்ட சாவி இருக்குதுங்களே.”

“சும்மா இரு. இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறது.”

ஒருவழியாகத் தாழ் நகர்ந்தது. கொற்றன் கதவைத் தள்ளப் போனான்.

“பொறு, பொறு! பூட்டிவிட்டு இன்னொரு தரம் திறந்து பார்க்கிறேன்.”

“பிரபு, இவன் மனைவி நாச்சியாள் சோறாக்கி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நிற்பாளே!” என்றான் சடையன்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிச் சடையன் கழுத்தில் போட்டார், முத்தெல்லாம் கரியாயிற்று. பிறகு கொற்றனின் இரண்டு கைகளையும் பிடித்து, கோயில் தீபத்தை ஒற்றிக்கொள்வது போலத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார்.