அக்கரை நாட்டான் கை

சண்டப்பிரதாபன் என்று ஒரு ராஜா. நாட்டில் எது கெட்டாலும் ஆற்றுக்கு அக்கரை நாட்டான் சதி என்பான். ராஜாவே கரைக்கு மண் போடாமல் விட்டதால் ஏரி உடைந்தபோதும் அதே பேச்சுதான். வேறு காரணம் சொன்னால் தலை போகும் என்று சட்டம். ராஜா வாயில் வருவதையெல்லாம் அப்படியே ஊருக்குச் சொல்ல வாசலில் ஒரு தமுக்குக்காரன் நிற்பான்.

ஒருநாள் நாவிதன் பிச்சாண்டி ராஜாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். பாதி முகம் முடிந்திருந்தது. அக்கரை நாட்டானைத் திட்டுகிற வேகத்தில் ராஜா துள்ள, கன்னத்தில் கத்தி கீறிவிட்டது.

"யார்டா கீறினது? உன் தலையை வாங்கிடுறேன்!"

"அக்கரை நாட்டான் சதி, மகாராஜா."

"கத்தி உன் கையிலதானேடா இருக்கு!"

"வேற காரணம் சொன்னா தலை போகுமே, சாமி."

ராஜா கன்னத்தைத் துடைத்துக்கொண்டான். இவனைத் தண்டித்தால் தன் சட்டமே பொய்யாகிவிடும். "சரி, தொலையட்டும். மீதியைச் சிரை."

பிச்சாண்டி கத்தியைத் தீட்டிக்கொண்டே ராஜாவின் கழுத்தைப் பார்த்தான். "சிரைச்சிடலாம் சாமி. அடுத்து அவன் எங்கே கீற நினைச்சிருக்கானோ, எனக்கெப்படித் தெரியும்?"

ராஜா கழுத்தைப் பொத்திக்கொண்டு அலறினான். "அவனுக்கு ஒரு சம்பந்தமும் இல்லடா! அது உன் கைதான்டா!"

"அப்போ ஏரி?"

"அதை உடையவிட்டது நான்தான்டா! பார்த்துச் சிரைடா!"

அடுத்த நொடி தெருவில் தமுக்கு முழங்கியது.

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், அக்கரை நாட்டானுக்கு ஒரு சம்பந்தமும் இல்லடா! ஏரியை உடையவிட்டது நான்தான்டா! பார்த்துச் சிரைடா!"