ஒப்பாரியும் கல்யாணப் பாட்டும்

“இந்த மெஷினுக்கு மூளையே இல்லை, மிஸ். ஒப்பாரியைப் போய்க் கல்யாணப் பாட்டுங்குது.”

வடிவு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பதில் வாங்காமல் எழுந்திருப்பதில்லை என்கிற உட்காரல் அது.

கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையில் ஸ்டெல்லா மிஸ் மட்டும் இருந்தார். பாட்டையும் கதையையும் கணினி கொண்டு ஆராயும் பாடம் அவருடையது.

“ரெண்டு வகைப் பாட்டையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். எல்லாத்தையும் ஒரே குவியலாப் போட்டிருக்கு. ‘உங்க ஊர்ல சாவு வீட்டுலயும் நாதஸ்வரமாடி?’ன்னு வகுப்பே சிரிக்குது.”

“அப்போ விட்டுடு. வேற பாடம் எடு.”

“மாட்டேன். எனக்கு இந்த ஒப்பாரியெல்லாம் பாடிக் கொடுத்த அம்மாக்கள் வெள்ளிக்கிழமை முடிவைக் கேக்க இங்கே வர்றாங்க. புருஷனை, பிள்ளையைப் பறிகொடுத்தவங்க, மிஸ். அவங்க முகத்தைப் பார்த்து இதையா சொல்வேன்?”

மிஸ் திரையைப் பார்த்தார்.

பந்தல். தங்கம். மாலை. தேர். வாசல்.

இரண்டு வீட்டிலும் பந்தல் உண்டு. இரண்டு வீட்டிலும் மாலை உண்டு.

“மிச்சச் சொல்லெல்லாம் எங்கே?”

“அடிக்கடி வர்ற சொல்லையெல்லாம் நீக்கிட்டேன். அது வெறும் இரைச்சல், எடுத்தாத்தான் பொருள் தெரியும்னு முதல் வகுப்புல நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன்.”

“பின்னே?”

மிஸ் விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினார்.

“ஒரு ஒப்பாரியை எடு. நீ நீக்கின சொல்லை மட்டும் வரிசை மாறாமத் திரைக்குக் கொண்டு வா. வாய்விட்டுப் படி.”

“அதுல ஒண்ணும் இல்லை, மிஸ்.”

“படி.”

வடிவு முகத்தைச் சுளித்துக்கொண்டு, வருகைப் பதிவு கூப்பிடுகிறவள்போல ஆரம்பித்தாள்.

“ஐயோ. என். ஐயோ. நான். இனி. எங்கே. ஐயோ. என். இனி. இல்லையே.”

“நிறுத்தாதே.”

“நான். எங்கே. ஐயோ. இனி. யார். என். ஐயோ. இனி. யார்...”

பாதியில் குரல் அவள் பேச்சைக் கேட்கவில்லை. இழுத்தது. தழுதழுத்தது. எங்கிருந்தோ மெட்டு வந்து ஏறிக்கொண்டது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிச் சொல்வரைக்கும் போனாள்.

தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் ஓடி வந்தது. அலுவலக உதவியாளர் சவரிமுத்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் பக்கத்து வகுப்புப் பெண்கள், பதறி வாயைப் பொத்திக்கொண்டு.

“யாரும்மா தவறிட்டாங்க?”