வாசல் தெளித்த தண்ணீர்

"நாங்க இருக்கிற தண்ணியை அள்ளிக்கிட்டுப் போய் வாசலுக்குத் தெளிக்கிறீங்களே, இது நியாயமா?"

விரால் மீன் காலையிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தது. தாமரைக் குளத்தின் நடுவில் மிச்சமிருந்த கொஞ்சம் தண்ணீரில் தலையை நீட்டிக்கொண்டு, வந்த குரங்கு போன குரங்கு எல்லாவற்றிடமும் கேட்டது.

"நாங்க இருக்கிற தண்ணியை அள்ளிக்கிட்டுப் போய் வாசலுக்குத் தெளிக்கிறீங்களே, இது நியாயமா?" என்று ஒரு குரங்கு அதே ராகத்தில் பழித்துக் காட்டியது. பிறகு கையிலிருந்த சுரைக்குடுக்கையை முக்கி எடுத்தது. "ஒரு குடுக்கைதானே அக்கா! இதுக்குப் போய் இந்தக் கத்தலா?"

"உனக்கு ஒரு குடுக்கை. உன் பின்னாடி நிக்கிறவனுக்கு ஒரு குடுக்கை. வரிசை அந்த மருத மரம் வரைக்கும் நிக்குதே, அது கண்ணுக்குத் தெரியலையா?"

கரையில் நின்ற மயில் தோகையை ஓர் உதறு உதறியது. காட்டில் எந்த விழா நடந்தாலும் ஏற்பாடு அதனுடையதுதான்.

"இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமா? காட்டுச் சபையோட புதுக் கூட்டத்தொடர் ஆரம்பம்! யானையார் வந்து தொடக்க உரை வாசிக்கப் போறார். அவர் நடந்து வர்ற பாதையில புழுதி பறக்கலாமா?"

"பறக்கட்டுமே! தும்மல் வந்தா தும்மிட்டுப் போறார்! என் குஞ்சுகளுக்குத் தண்ணி வேணாமா?"

"நல்ல நாளும் அதுவுமா இப்படியா பேசுவாங்க!" மயில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "ஏய் குரங்குகளா, வேடிக்கை என்ன? தாமரை இலையையும் பறிங்க. உறுப்பினருங்க வெறுந்தரையிலயா உட்காருவாங்க?"

குளத்துக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்த இலைகள் ஒவ்வொன்றாகப் போயின. சித்திரை வெயில் நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது.

விழா என்று வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். கோலம் தெரியும், தோரணம் தெரியும். அடுப்பில் என்ன கருகுகிறது என்பது மட்டும் தெரியாது.

விரால் தனக்காகக் கத்தவில்லை. வளர்ந்த விரால் சேற்றில்கூடக் கிடக்கும், வாயைத் திறந்து காற்றைக் குடித்துக்கொண்டு உயிரைப் பிடித்து வைத்திருக்கும். குஞ்சுகளால் அது முடியாது. அதன் வயிற்றுக்கு அடியில் அவை செக்கச்செவேலென்று ஒரே பந்தாகச் சுழன்றுகொண்டிருந்தன. தண்ணீர் சுட ஆரம்பித்ததும் பந்து இன்னும் நெருங்கிச் சுருங்கியது.

அந்த நேரத்தில்தான் ஆமை கரையேறியது. மீன்களால் சபைக்கு நடந்து போக முடியாது. அதனால் நீரிலும் நிலத்திலும் பழகிய ஆமையைத்தான் குளம் தன் உறுப்பினராக அனுப்பியிருந்தது.

"ஆமையண்ணே! கிளம்பிட்டியா?" விரால் கரையோரம் வந்தது. "என்ன சொல்லணும்னு ஞாபகம் இருக்கா? எங்கே, சொல்லு பார்க்கலாம்."

"நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா தங்கச்சி?"

"சொல்லு!"

"மேலே சுனையில தண்ணி நிறைய இருக்கு. குளத்துக்கு வர்ற வாய்க்கால்ல பாறை உருண்டு அடைச்சிருக்கு. யானையார் வந்து ஒரு முட்டு முட்டினா போதும். தண்ணி தானா வந்துடும்."

"அவ்வளவுதான். பாராட்டு வேணாம், வணக்கம் வேணாம். அவரைப் பார்த்த உடனே இதைச் சொல்லு. உச்சி வெயிலுக்குள்ள தண்ணி வரலைன்னா..." விரால் குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தது.

"என் முதல் வேலையே அதுதான் தங்கச்சி! நீ கவலைப்படாதே."

ஆமை பொய் சொல்லவில்லை. அப்போது உண்மையாகவே அப்படித்தான் நினைத்தது.

சபை கூடும் மருத மரத்தடியில் பாதை ஜில்லென்று நனைந்திருந்தது. மாவிலைத் தோரணம் ஆடியது. ஆமை உள்ளே நுழைந்ததும் மயில் ஓடி வந்தது.

"வரணும், வரணும்! மாண்புமிகு குளத்து உறுப்பினர் அவர்களே!"

ஆமை பின்னால் திரும்பிப் பார்த்தது. வேறு யாரும் இல்லை. இதுவரை "ஏ ஆமை, ஓரமாப் போ" என்று மட்டுமே சொன்ன மயில்தான் பேசுகிறது!

மயில் ஒரு கொன்றைப் பூவை எடுத்து, வேப்பம் பிசின் தொட்டு, ஆமையின் ஓட்டில் பேட்ஜ் மாதிரி ஒட்டியது. முதல் வரிசையில் உட்கார வைத்தது. உட்காரப் பச்சைத் தாமரை இலை போட்டிருந்தது. என்ன குளுமை! அந்தக் குளுமை எங்கிருந்து வந்தது என்று ஆமைக்குத் தெரியாதா? தெரியும். உட்கார்ந்த சுகத்தில் கொஞ்சம் மறந்திருந்தது.

"யானையார் ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு நலம் விசாரிப்பார்" என்று மயில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னது. "ஒரே பதில்தான். 'தங்கள் புண்ணியத்துல எல்லாரும் சௌக்கியம் ஐயா!' எங்கே, சேர்ந்து சொல்லுங்க!"

"தங்கள் புண்ணியத்துல எல்லாரும் சௌக்கியம் ஐயா!"

"எனக்கு ஒரு அவசரம்..." என்று ஆமை இழுத்தது.

"நல்ல நாளும் அதுவுமா குறை சொல்லக் கூடாது! முதல் வார்த்தை குறையா வந்தா வருஷம் பூரா குறைதான். உங்களுக்குத் தெரியாததா மாண்புமிகு அவர்களே?"

ஆமை வாயை மூடிக்கொண்டது. முதல் வரிசைக்காரர் விஷயம் தெரியாதவர் போல நடந்துகொள்ள முடியுமா?

முரசு முழங்கியது. யானையார் வந்தார். நல்லவர், வயதானவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஒவ்வோர் உறுப்பினர் முன்னாலும் நின்று, துதிக்கையால் தொட்டு விசாரித்தார். மான் சௌக்கியம் என்றது. முயல் சௌக்கியம் என்றது. கரடி போன வாரம்தான் மரத்திலிருந்து விழுந்திருந்தது. அதுவும் நொண்டியபடி எழுந்து சௌக்கியம் என்றது.

யானையார் ஆமைக்கு முன்னால் வந்து நின்றார். கொஞ்சம் குனிந்தே கேட்டார்.

"என்ன ஆமை, குளத்துல எல்லாரும் எப்படி இருக்காங்க?"

இதைவிட நல்ல நேரம் யாருக்குக் கிடைக்கும்? கேட்பவர் அவர், கேள்வி குளத்தைப் பற்றி. பாறையை முட்ட வேண்டிய தலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

ஆமை வாயைத் திறந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொன்றைப் பூ மினுமினுத்தது.

"தங்கள் புண்ணியத்துல எல்லாரும் சௌக்கியம் ஐயா!"

"ரொம்ப சந்தோஷம்!" யானையார் நகர்ந்தார்.

'சரி, உரை முடியட்டும். அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்' என்று ஆமை தன்னைத் தேற்றிக்கொண்டது.

உரை தொடங்கியது. உரையை எழுதியது நரி. புதிதாக எழுத அதற்கு ஏது நேரம்? நல்ல மழை பெய்த போன வருஷத்து உரையை எடுத்து, தூசி தட்டி, அப்படியே கொடுத்திருந்தது. கொடுத்ததை வாசிப்பதுதான் வழக்கம் என்பதால் யானையாரும் வாசித்தார்.

"நம் காட்டில் புல் செழித்திருக்கிறது!"

உறுப்பினர்கள் தரையைத் தட்டினார்கள். படபடவென்று சத்தம்.

"நம் காட்டில் குளங்கள் நிரம்பி வழிகின்றன!"

மறுபடியும் படபட. ஆமை மட்டும் சும்மா இருந்தது. நரி அதை ஓரக்கண்ணால் பார்த்தது. மயில் முறைத்தது. ஆமை மெதுவாகத் தன் ஓட்டை வேரில் ஒரு தட்டு தட்டியது. 'டொக்'கென்று கேட்டது. எல்லாரையும்விட அந்தச் சத்தம்தான் பலமாக இருந்தது.

பக்கத்தில் இருந்த முயல் காதோரம் வந்தது. "ஏங்க, நான் வர்ற வழியில பார்த்தேனே. உங்க குளம் வத்திப் போயில்ல கிடக்கு?"

"விழா முடியட்டும்!" என்றது ஆமை. "சொல்லத்தானே வந்திருக்கேன்!"

உரை முடிந்தது. நரி நன்றி சொன்னது. நன்றி சொன்ன நரிக்கு மயில் நன்றி சொன்னது. குயில்கள் பாடின, ஒரு பாட்டோடு விட்டனவா என்றால் அதுவும் இல்லை. வெயில் உச்சிக்கு ஏறி, அங்கேயே நின்றது. ஆமைக்கு அடியில் இருந்த இலை சுருண்டு, அப்பளம் போல நொறுங்கியது. அப்போதுதான் ஆமைக்குத் திக்கென்றது.

"மயிலாரே! இப்பவாவது பேசலாமா?"

"இன்னிக்கு உரை மட்டும்தான். நாளைக்கு இரங்கல் தீர்மானம். காட்டுல செத்துப் போனவங்களுக்காக எழுந்து நிப்போம், கலைஞ்சுடுவோம். நாளை மறுநாள்தான் குறைகள்."

"நாளை மறுநாளா! எங்க தண்ணி இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்காதே!"

"இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே?" என்றது மயில். கொஞ்சம்கூடக் கூசவில்லை!

ஆமை பதில் சொல்ல நிற்கவில்லை. இலையை விட்டு இறங்கியது. கால் எவ்வளவு வேகம் கொடுக்குமோ அவ்வளவு வேகமாக, புறப்பட்டுக்கொண்டிருந்த யானையாரின் குறுக்கே போய் நின்றது.

"ஐயா! குளம் காயுது! வாய்க்கால்ல பாறை விழுந்து அடைச்சிருக்கு! நீங்க ஒரு முட்டு முட்டினா போதும்!"

"நல்ல நாளும் அதுவுமா..." என்று மயில் பதறியது.

"சும்மா இரு!" யானையார் அதட்டினார். பிறகு ஆமையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. "காலையில உன்னைத்தானே கேட்டேன்? நின்னு கேட்டேனே! சௌக்கியம்னு சொன்னியே!"

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

"வழியைக் காட்டு!" யானையார் ஆமையைத் துதிக்கையில் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினார்.

பாறை இருந்தது. யானையார் நெற்றியை வைத்து ஒரு முட்டு முட்டினார். விரால் சொல்லியனுப்பிய மாதிரியே ஒரே முட்டுதான். வாழைத்தண்டு புரள்வது போலப் பாறை புரண்டது. அடைபட்டிருந்த தண்ணீர் சளசளவென்று பாய்ந்தது.

"இவ்வளவுதானா!" என்றார் யானையார். தனக்குத்தானே இன்னொரு தடவையும் சொல்லிக்கொண்டார். "இவ்வளவுதானா..."

ஆமை கீழே இறங்கிக் குளத்தை நோக்கி நடந்தது. தண்ணீர் அதை முந்திக்கொண்டு ஓடியது.

ஆமை போய்ச் சேரும்போது குளத்தில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. சாயங்கால வெயில் அதன் மேல் தங்கமாக விழுந்திருந்தது. பார்க்க அவ்வளவு அழகு! குரங்குகள் குடுக்கைகளைக் கீழே போட்டுவிட்டுக் கரையில் நின்றன. காலையில் பழித்துக் காட்டிய குரங்கு மட்டும் ஒரு குடுக்கைத் தண்ணீரை எங்கிருந்தோ கொண்டு வந்து மெதுவாகக் குளத்தில் ஊற்றியது.

ஆமை தண்ணீருக்குள் இறங்கித் தேடியது. காலையில் இருந்த சிவப்பு எங்கேயும் இல்லை. நடுக்குளத்தில் அடியில், சேற்றோடு சேறாக, விரால் தனியாகக் கிடந்தது. உயிர் இருந்தது. செவுள் மெதுவாக அசைந்தது. வயிற்றுக்கு அடியில் ஏதோ இருப்பது போல உடம்பை இன்னும் வளைத்தே வைத்திருந்தது.

மயில் கரையோரம் வந்து குனிந்தது. இந்தத் தடவை தோகையை உதறவில்லை. அதற்கும் மனசு கேட்கவில்லை போல. ஆனால் அதற்குத் தெரிந்ததுதானே வாயில் வரும்!

"நாளைக்கு இரங்கல் தீர்மானத்துல உன் குஞ்சுகளையும் சேர்த்துக்கறோம்மா. சபை மொத்தமும் எழுந்து நிக்கும்."

விரால் திரும்பவில்லை.

ஆமையின் ஓட்டிலிருந்த கொன்றைப் பூ பிசின் கரைந்து கழன்று மேலே மிதந்து போனது. ஆமை அதைப் பார்க்கவில்லை. விராலின் முகத்துக்கு நேரே போய் நின்றது.

"தங்கச்சி! தண்ணி வந்துடுச்சு, பாரு."

விரால் வளைந்த உடம்பை நிமிர்த்தவில்லை.

"நான் சொல்லியிருக்கணும். அவர் என்கிட்ட நின்னு கேட்டார். நான்தான்..." ஆமை இன்னும் நெருங்கி வந்தது. "காலையில அத்தனை பேரையும் திட்டினியே! அதுல ஒரு வார்த்தை என்னையும் திட்டேன், தங்கச்சி!"

குளம் நிறையத் தண்ணீர் இருந்தது.

பிறருக்காகப் பேச அனுப்பப்பட்டவர் சபை மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டால், அந்த மரியாதைக்கு விலை கொடுப்பவர்கள் அவரை நம்பி அனுப்பியவர்களே.