தொண்ணூறு டிகிரி

"வாத்தியாரம்மா, அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல?"

கேட்டவர் தாணுலிங்கம். நாகர்கோவிலில் முப்பது வருஷம் டிவி ரிப்பேர் பார்த்துப் பேர் வாங்கியவர். டிவியைப் பழுதுபார்க்க யாரும் வராமல் போனபின், மகள் வயதுள்ள ரெஜினாவிடம் லேப்டாப் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்திருந்தார்.

மேசைமேல் அந்தப் பிள்ளை அபிஷாவின் லேப்டாப் செத்துக் கிடந்தது. கேம் விளையாடுவதற்கென்றே வாங்கிய கனத்த லேப்டாப்.

போன வாரம் அபிஷா ஒரே குறைதான் சொன்னாள். பத்து நிமிஷம் விளையாடினால் சூடேறி நத்தையாக ஊர்கிறது. ஞாயிற்றுக்கிழமை போட்டி.

தாணுலிங்கம் செட்டிங்கில் நுழைந்து பார்த்தார். தொண்ணூறு டிகிரியைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள் என்று ஒரு வரம்பு இருந்தது. அந்த வரம்பையே எடுத்துவிட்டார்.

"கம்பெனிக்காரன் கட்டிப் போட்டு வச்சிருக்கான் பிள்ளே. அவுத்து விட்டாச்சு" என்று மார்தட்டிக்கொண்டார். ரெஜினாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அரையிறுதி நடுவில் லேப்டாப் அணைந்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை. அபிஷாவின் அணி மிச்சம் நாலு பேரோடு ஆடித் தோற்றது.

நாலு மணிக்கு அபிஷா வருவாள். இப்போது மூன்றரை.

"போர்டு பழசுன்னு சொல்லிரட்டா?"

ரெஜினா ஸ்க்ரூடிரைவரை அவர் பக்கம் தள்ளினாள்.

"திறங்க அண்ணாச்சி."

எல்லா ஸ்க்ரூவையும் கழற்றியும் மூடி வரவில்லை. அடியிலிருந்த ரப்பர் காலை ரெஜினா நகத்தால் நெம்பிக் காட்டினாள். அதற்குள் இன்னும் இரண்டு ஸ்க்ரூ ஒளிந்திருந்தது.

உள்ளே காற்று வெளியேறும் வழி முழுக்கத் தூசி. இடுக்கியால் பிடித்து இழுத்தார். கம்பளித் துண்டு போல மொத்தமாக வந்தது.

"இது எத்தனை நாளா இருக்கும்?" என்று ரெஜினா கேட்டாள்.

"ஒரு வருஷம் இருக்கும்."

"அத்தனை நாளும் இது சாகலையே. என்ன செஞ்சுது?"

"மெதுவா ஓடிச்சு."

சொன்ன பிறகுதான் அவருக்குக் காது சுட்டது.

"டிவிக் கடையில ஃபியூஸ் அடிக்கடி போனா என்ன செய்வீங்க?"

ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றி அனுப்புவார். கைராசிக்காரர் என்று ஊர் சொன்னதே அதற்குத்தான். அப்புறம் எத்தனை டிவி புகைந்தது என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"அன்னைக்கே ஏன் திறக்கல?"

"பிள்ளை அவசரப்பட்டுது."

ரெஜினா அந்தத் தூசித் துண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"மூடி வரல. எப்படின்னு உங்ககிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு. முப்பது வருஷ மெக்கானிக்குன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறேன்."

ரெஜினா கழற்றிய ஸ்க்ரூக்களைப் பொறுக்கி ஒரு மூடியில் போட்டாள். திட்டியிருந்தால் கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

கதவு திறந்தது. அபிஷா.

"என்னாச்சு அங்கிள்?"

"அது வந்து பிள்ளே, இந்த போர்டு இருக்கு பாத்தியா, இது ஏற்கெனவே பழசு, எப்ப வேணா போகும், அதனால..."

கடகடவென்று ஆரம்பித்தவருக்கு முகம் கொதித்தது. சட்டைக்குள் வேர்த்து ஒழுகியது. பேச்சு தடுமாறிற்று. குறைந்தது. அப்புறம் ஒவ்வொரு வார்த்தையாக நின்று நின்று வந்தது.

"நான்... திறந்து... பாக்கல பிள்ளே. எனக்குத்... தெரியல."

ரெஜினா எழுந்து, மேசை ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.